எக்ஸ்பியில் ஓடிய டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு விண்டோஸ் 11-ல் திறக்கவில்லை, உதவுங்கள்

மண்டிக்கணக்கு:
வணக்கம். விருதுநகரில் மாமாவின் பருப்பு, வத்தல் மண்டி. 1998-லிருந்து கணக்கு முழுக்க டாஸில் ஓடும் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய புரோகிராமில்தான். எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டார், சோர்ஸ் கோடு கிடையாது. புரோகிராமை ஓட்டும் ஒரு இஎக்ஸ்இ, அப்புறம் டேட்டா இருக்கும் டிபிஎஃப், அதன் இன்டெக்ஸான சிடிஎக்ஸ் கோப்புகள், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. ஜிஎஸ்டி பில் வேறு மென்பொருளில் போடுகிறோம், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் சரக்கு வரத்து, தரகு, ஒவ்வொரு விவசாயியின் பற்று வரவு எல்லாம் இதற்குள்தான்.

போன வாரம் எக்ஸ்பி கணினி இரண்டு தடவை தானாக நின்றுவிட்டது, ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. உடனே விண்டோஸ் 11 கணினி இரண்டு வாங்கிவிட்டோம். போல்டரை பென்டிரைவில் எடுத்துப் போட்டால் "இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது" என்கிறது. எக்ஸ்பி கம்பாட்டிபிலிட்டி கொடுத்தாலும் அதேதான். சரி, பழைய கணினியின் ஷேரையாவது நெட்வொர்க்கில் திறக்கலாம் என்றால் அதுவும் வரவில்லை. எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை ஆன் செய்தால் வரும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

செர்வர்_ரூம்:
தம்பி, முதலில் அந்த எக்ஸ்பி கணினியை அணைத்துவிடுங்கள், மறுபடி பூட் செய்யாதீர்கள். சத்தம் போடும் டிஸ்க் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். டிஸ்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியை வைத்து முழு டிஸ்கின் நகலை (இமேஜ்) எடுங்கள். சாதாரண காப்பி கெட்ட செக்டரில் போய் மாட்டிக்கொள்ளும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் திரும்பி வந்து முயற்சிக்கும். மேப் கோப்பு கொடுத்து ஓட்டுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எஸ்எம்பி1 வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான், எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றதோ 2014 ஏப்ரலில். கடையின் பணக்கணக்கு இருக்கும் நெட்வொர்க்கில் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது.

பழைய_டிபிஎஃப்:
புரோகிராம் ஏன் ஓடவில்லை என்பதைச் சொல்கிறேன். டாஸ் புரோகிராம்களை ஓட்டும் என்டிவிடிஎம் என்ற பகுதி 64 பிட் விண்டோஸில் கிடையாது, விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் வராது. 32 பிட் விண்டோஸ் 10 போடச் சொல்லி யாராவது வருவார்கள். ஓடும்தான், ஆனால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது, இன்னொரு முறை இதே வேலையைச் செய்யவேண்டி வரும்.

விடாஸ் போட்டுப் பாருங்கள். டாஸ்பாக்ஸிலிருந்து பிரிந்து வந்தது, விளையாட்டுகளுக்கு இல்லாமல் இந்த மாதிரி அலுவலகப் புரோகிராம்களுக்காகவே செய்தது, ரெக்கார்டு லாக்கிங்கும் உண்டு. பழைய புரோகிராம் டி டிரைவில் இருந்ததா? அப்படியானால் விடாஸில் யூஸ் கட்டளை கொடுத்து உங்கள் போல்டரை டி என்று காட்டிவிடுங்கள், பாதை தெரியாமல் திணறாது.

மண்டிக்கணக்கு:
அண்ணே, மிக்க நன்றி. இமேஜ் எடுத்துவிட்டேன், கடைசியில் சில கிலோபைட் மட்டும்தான் படிக்க முடியவில்லை, டிபிஎஃப் எதுவும் அதில் இல்லை. விடாஸில் நீலத் திரை வந்ததும் மாமா வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். பேரேடு திறக்கிறது! இரண்டு சிக்கல் மட்டும் பாக்கி. டாட் மேட்ரிக்ஸில் ரசீது அடித்தால் எழுத்து பெரிதாக வந்து தரகுக் கட்டம் தாளுக்கு வெளியே போகிறது. இரண்டாவது, இரண்டு கணினியிலும் ஒரே நேரத்தில் வரவு போட்டால் அரை மணி நேரத்தில் "இன்டெக்ஸ் டேட்டாபேஸுடன் பொருந்தவில்லை" என்று நிற்கிறது. டேட்டா ஒரு கணினியில், மற்றது ஷேர் வழியாக.

பழைய_டிபிஎஃப்:
ரசீது முதலில். உங்கள் புரோகிராம் அச்சுக்கு முன்னால் 15-ஆம் எண் கட்டுப்பாட்டுக் குறியீட்டை அனுப்புகிறது, அதுதான் எழுத்தைச் சுருக்கும். விண்டோஸ் டிரைவர் நடுவில் புகுந்தால் அது தொலைந்துவிடும். பிரிண்டரை ஷேர் செய்து, எல்பிடி1 என்ற பிரிண்டர் போர்ட்டுக்கு வருவது எதையும் மாற்றாமல் அப்படியே அந்த ஷேருக்குப் போகும்படி விடாஸில் கொடுங்கள்.

செர்வர்_ரூம்:
இன்டெக்ஸ் பிரச்சினைக்கு ஆப்லாக்தான் காரணமாக இருக்கும். கோப்பின் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கணினிக்குக் கிடைக்கும் அனுமதி அது, வேகத்துக்காக வைத்தது. நம் டிபிஎஃப் கதை வேறு. இரண்டு பேர் ஒரே கோப்பில் எழுதுகிறார்கள், ஒருவர் மாற்றியதை மற்றவர் கணினி பார்க்காமலே தன் பழைய நகலை வைத்து சிடிஎக்ஸில் எழுதிவிடும். ஒரு சின்ன லினக்ஸ் கணினியில், விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளைப் போட்டு டேட்டாவை அங்கே வையுங்கள், அந்த ஷேருக்கு மட்டும் ஆப்லாக்ஸ், லெவல்2 ஆப்லாக்ஸ் இரண்டையும் நோ ஆக்குங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. அதற்கு முன்னால் எல்லோரும் வெளியே வந்து ஒரு தடவை ரீஇன்டெக்ஸ் (இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவது) ஓட்டணும். புரோகிராம் மெனுவிலேயே அது இருக்கும், பாருங்கள்.

மண்டிக்கணக்கு:
மூன்று நாளாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு கவுண்டரிலும் வரவு போட்டோம், இன்டெக்ஸ் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ரசீதும் சரியாகிவிட்டது. மாமா மார்ச் மாத ரசீது ஒன்றை எடுத்து, அதே ரசீதைப் புதிதாக அடித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வரிக்கு வரி பொருந்தியது. நிலுவைப் பட்டியலையும் பழைய பிரிண்டோடு வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தோம், பைசா வித்தியாசம் இல்லை.

பழைய_டிபிஎஃப்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். டிபிஎஃப்பை லிப்ரே ஆபீஸ் கால்கிலேயே திறக்கலாம், ஒரு நகலைத் திறந்து எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டு இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேறு மென்பொருளுக்கு மாற்றும் நாளில் டேட்டா எளிதாக வந்துவிடும், அதன் அர்த்தம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மண்டிக்கணக்கு:
நேற்றே ஆரம்பித்துவிட்டேன் அண்ணே. "கழி2" என்று ஒரு கட்டம் எனக்குப் புரியவே இல்லை. கேட்டால், மழையில் நனைந்து வந்த மூட்டைக்கு எடைக் கழிவாம். 11 கட்டம் எழுதியாயிற்று, இன்னும் 40 இருக்கிறது.