56-ல் நிறுத்திக்கொள்ளலாமா, 60 வரை இழுக்கணுமா?

தூரத்துப்பச்சை:
வயது 56. சேமிப்பு எங்கள் ஒரு வருடச் செலவைப் போல 22 மடங்கு. கடன் இல்லை. பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். வேலை பிடிக்காமல் இல்லை, ஆனால் ஞாயிறு சாயங்காலம் வந்தாலே நெஞ்சு கனக்கிறது. இப்போதே ராஜினாமா கொடுக்கலாமா?

கணக்கர்:
அவசரப்படாதீர்கள் சார். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் அந்த நாட்டின் பழைய பங்கு, பத்திர விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பணம் 30 வருடம் தாங்கும் என்பது அது. அதன்படி 25 மடங்கு வேண்டும். உங்களிடம் இருப்பது 22. அதிலிருந்து ஒரு வருடச் செலவை எடுத்தால் நாலரை சதவீதத்துக்கு மேல் போகிறது. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்னும் இரண்டு வருடம் இருங்கள்.

மழைக்காலம்:
என் கணவரும் "இன்னும் ஒரு வருஷம்" என்று மூன்று முறை சொன்னார். நான்காவது வருடம் முழங்கால் போய்விட்டது. மலையேறப் போகலாம் என்று சேர்ந்து வைத்திருந்த திட்டம் இப்போது ஒரு நோட்டில் கிடக்கிறது. உங்கள் கணக்கில் முழங்காலுக்கு இடமே இல்லையே கணக்கரே! 60, 65 எல்லாம் உடம்பு சொன்ன வயதும் இல்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889-ல் வந்த முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது 70. அது 65 ஆனதே 1916-ல்தான். அரசாங்கங்கள் தங்கள் வசதிக்கு வைத்த எண்கள் அவை.

கணக்கர்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனாலும் என் பயம் வேறு. ரிட்டயர் ஆன முதல் வருடமே பங்குச் சந்தை விழுந்தால்? 100 ரூபாய் 70 ஆகிறது, அதிலிருந்து நாலரை எடுத்துச் செலவழிக்கிறோம், மிச்சம் 65.50. பழைய நிலைக்கு வர 50 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டும். இதே சரிவு பதினைந்து வருடம் கழித்து வந்தால் இவ்வளவு அடிக்காது. அதோடு, 58 வயதில் திரும்பப் போய்க் கேட்டால் இதே வேலையை யார் தருவார்கள்?

மழைக்காலம்:
வேலை திரும்பக் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெங்கன் கணக்கில் வரும் ஆள் சந்தை விழுந்த வருடத்திலும் செலவைக் குறைக்கவே மாட்டார். எந்தக் குடும்பம் அப்படி நடந்துகொள்ளும்? நாங்கள் முதலில் பயணத்தைத்தான் நிறுத்துவோம்.

கணக்கர்:
பயணத்தை நிறுத்தலாம். மருந்தை நிறுத்த முடியுமா? மொத்தச் செலவில் எவ்வளவு குறைக்கவே முடியாதது என்று சார் சொல்லட்டும், பிறகு பேசலாம்.

அரைநாள்:
நான் 55-ல் விட்டேன், எட்டு மாதத்தில் திரும்பிவிட்டேன். பணம் போதாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்று யோசித்தே வைக்கவில்லை. இப்போது வாரம் மூன்று நாள் போகிறேன். பாதிச் செலவை அந்தச் சம்பளமே பார்த்துக்கொள்கிறது. உங்களுக்கும் அப்படி அமைந்தால் சேமிப்பில் கை வைப்பது இரண்டேகால் சதவீதம்தான். முதலில் அலுவலகத்தில் நாட்களைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

தூரத்துப்பச்சை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நானும் மனைவியும் உட்கார்ந்து எழுதினோம். பத்தில் ஏழு பங்கு குறைக்க முடியாத செலவு. அதை மட்டும் எடுத்தால் 3.2 சதவீதம்தான் வருகிறது. திங்கட்கிழமை மூன்று நாள் வேலை கேட்கப் போகிறேன். தரவில்லை என்றால் இந்த வருடக் கடைசியில் கடிதம் கொடுத்துவிடுவேன். மழைக்காலம் அக்கா எழுதியதை மனைவி இரண்டு முறை படித்தாள்.

கணக்கர்:
3.2 என்றால் நானும் தடுக்க மாட்டேன். வயதாக ஆக ஏறும் மருத்துவச் செலவு அந்த ஏழில் இருக்கிறதா?

தூரத்துப்பச்சை:
இன்றைய மருந்துச் செலவை மட்டும்தான் போட்டோம். இன்று ராத்திரி திரும்ப உட்காருகிறோம்.