‘ஃப்ரீ ஸ்விம்மிங்’ குஞ்சுக்குப் ‘பார்ப்பு’ என்று வைக்கலாமா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மீன் வளர்ப்புச் சொற்பட்டியலில் ‘ஃப்ரீ ஸ்விம்மிங் ஃப்ரை’, அதாவது பொரிந்தபின் எழுந்து நீந்தத் தொடங்கிவிட்ட குஞ்சு, என்பதற்குச் ‘சுதந்திர நீச்சல் குஞ்சு’ என்று போட்டிருக்கிறது. மாற்ற வேண்டுகிறேன். அந்தக் குஞ்சுக்கு ஏது சுதந்திரம்? தாயை விட்டு ஒரு சாண் விலகினால் போதும், வாயால் கவ்விவந்து கூட்டத்துக்குள் துப்பிவிடுவாள்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர். நான் வளர்ப்பது அபிஸ்டோகிராமா ககாட்டுவாய்டிஸ் என்னும் சிக்லிட் குடும்பத்துக் குட்டை மீன், அமேசான் பக்கத்தது. முதல்முறை ஒரு கடையில் ‘பேர்’ (சோடி) என்று கொடுத்தது இரண்டுமே ஆண். சின்னதாக, மங்கலாக இருந்ததைப் பெண்ணென்றே நம்பிவிட்டேன். பெரிய ஆணுக்கு அடங்கிப்போன ஆண், நிறத்தை ஒடுக்கிக்கொண்டு பெண் மாதிரியே திரியும். மூன்று மாதம் வீணாயிற்று. அப்புறம் ஆறு குஞ்சு வாங்கி வளர்த்து, தாமாகச் சோடி சேரட்டும் என்று விட்டேன்.

வளர்ந்த ஆண் 8 செ.மீ. வரை வரும். முதுகுத் துடுப்பின் முன்பகுதி கொண்டலாத்திக் கொண்டை போல நீண்டு நிற்கும். பெண் 5 செ.மீ.தான். ஆனால் இளம் மீனில் அளவையும் கொண்டையையும் நம்பி ஏமாறாதீர்கள். சினைக்காலத்தில் பெண் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பாள். உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக் குளித்த நிறம் வரும், வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பு மை தீட்டியதுபோல் கறுக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு உடைத்து வைத்தேன். உட்கூரையில் செங்கல் நிறத்தில் அறுபது எழுபது முட்டை ஒட்டினாள். அதன்பின் ஆணைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. மூன்றாம் நாள் பொரிந்தன. பொரிந்ததும் நீந்தாது, வயிற்றில் மஞ்சள் கரு தொங்க, வால் துடித்தபடி சட்டிக்குள் கிடக்கும். அந்த நிலைக்கு ஐயா தந்த ‘நெளிகுஞ்சு’ மிகப் பொருத்தம்.

சிக்கல் அடுத்த நிலையில். எட்டாம் நாள் காலை தாய் வெளியே வந்தாள், அவள் வயிற்றடியில் ஒரு புகைத்துண்டு மிதந்து வந்தது. அவள் உடம்பை வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டினாள். புகை அப்படியே மணலில் படிந்து அசையாமல் கிடந்தது. மெல்ல நகர்ந்தாள், அத்தனையும் எழுந்து பின்னால் போயின. அவற்றுக்குத் தீனியாக ஆர்ட்டிமியா என்னும் பொடி உப்புநீர் இறாலின் குஞ்சைக் கரைத்து விட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுச் சேட்டன், ‘இது பார்ப்பாணல்லோ’ என்றார். வயல் ஓடையில் வரால் காத்துத் திரியுமே செந்நிறக் குஞ்சுக் கூட்டம், அதை மலையாளத்தில் பார்ப்பு என்பார்கள். நம் பழைய சொல் அது. வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் வாயில் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

*

தம்பி, சொல் அழகுதான். ஆனால் தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் பகுதி, இளமைப் பெயரான பார்ப்பு என்பதைப் பறப்பவற்றுக்கும் தவழ்பவற்றுக்கும்தான் சொல்கிறது. மீன் அதில் வராது. இன்று படிப்பவரும் ‘பார்த்தல்’ என்றே பொருள் கொள்வார். ‘நீந்துகுஞ்சு’ போதாதா?

*

ஐயா, ‘நீந்துகுஞ்சு’ என்றால் கப்பி மீனின் குஞ்சும் அதற்குள் வந்துவிடும். கப்பி பிறந்தவுடனே நீந்தும், தாய் காப்பதில்லை, அகப்பட்டால் தின்றும்விடும். நமக்கு வேண்டியது தாய் காவலில் நீந்தும் குஞ்சுக்கான பெயர். நம் கழிமுகத்துப் பள்ளத்தியும் சிக்லிட்தான். அதன் குஞ்சுகள் தாய் தகப்பன் மேனியின் வழவழப்பைக் கொத்தித் தின்றுகூட வளர்கின்றன. அதையும் வெறும் நீந்துகுஞ்சு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐங்குறுநூற்றின் 44ஆம் பாட்டில் பொய்கையில் வாழும் ஆமையின் இளம்பார்ப்பு ‘தாய்முகம் நோக்கி’ வளர்கிறது. ஆமை தவழ்வது, மரபியலுக்குள் அடங்கும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தொட்டியில் நான் கண்டது அந்த நோக்கைத்தான். வராலுக்கு ஏற்கெனவே வழங்குகிற சொல்லை அதே குணமுள்ள மீனுக்கு நீட்டுகிறோம், அவ்வளவே. மயக்கம் பற்றி: படி என்ற ஒரே சொல்லை மாடிக்கும் அரிசிக்கும் நகலுக்கும் வைத்திருக்கிறோம், யாரும் தடுமாறவில்லை. தனியாக நிற்கும் இடத்தில் ‘பார்ப்புத்திரள்’ என்று எழுதினால் ஐயமே வராது.

*

சரி தம்பி. முட்டை, நெளிகுஞ்சு, பார்ப்பு. பட்டியலில் திருத்திவிட்டேன். உன்னிடம் பெண் மீன் இருந்தால் எனக்கு இரண்டு வேண்டும்.

*

நன்றி ஐயா. இப்போது கையில் இருப்பது சித்திரையில் எடுத்த பார்ப்பு, ஏறக்குறைய எல்லாம் ஆண். இந்த இனத்தில் தண்ணீர்ச் சூடு கூடினால் ஆண்தான் மிகுதியாக வரும். 1996இல் ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பாலக்காட்டு வெயிலில் என் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. கார்த்திகையில் தண்ணீர் குளிர்ந்ததும் அடுத்த பார்ப்பு எடுப்பேன். அதில் மஞ்சள் பூசுகிற முதல் இரண்டும் உங்களுக்கு.