புதுப்பிப்பு: பாதியில் அறுந்து வந்த எடைப் பதிவுகள்

ராணிப்பேட்டை தோல் ஷெட்டில் எடை போடும் கணினியிலிருந்து வேலூர் ஆபீஸுக்கு சாக்கெட் (இரண்டு நிரல்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) வழியாக வரும் பதிவுகள் சில நேரம் பாதியாகவும் சில நேரம் இரண்டு ஒட்டிக்கொண்டும் வருகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேனே, அது சரியாகிவிட்டது. நெட்வொர்க் மேல் தப்பே இல்லை.

லாக்கில் ஒரு வரியில் "எடை 42", அடுத்த வரியில் ".6 கிலோ" என்று கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் புரிந்தது. டிசிபி (இந்த சாக்கெட் தரவைக் கொண்டுபோகும் நெட்வொர்க் நெறிமுறை) பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும், ஆனால் ஒரு பதிவு எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு தடவை அனுப்பியது ஒரே ரிசீவில் (வந்த பைட்டுகளைப் படிக்கும் அழைப்பு) முழுசாக வரவேண்டும் என்பதில்லை.

இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் 4 பைட்டில் அதன் நீளத்தை அனுப்பி, அத்தனை பைட்டும் சேரும்வரை லூப்பில் படிக்கிறேன். ரிசீவ் 0 கொடுத்தால் எதிர்முனை மூடிவிட்டது என்று அர்த்தம், அதையும் தனியாகக் கவனியுங்கள். மூன்று நாளாக ஒரு பதிவுகூடச் சிதறவில்லை.