‘தடைப் பயிற்சி’ வேண்டாம். ‘ஏறுசுமைப் பயிற்சி’ எனலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கான பயிற்சித் தாளில், சுமையைப் படிப்படியாகக் கூட்டித் தசைக்கு வலுவேற்றும் ‘progressive resistance exercise’ என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘Resistance’ என்பதற்குத் ‘தடை’ போதும் என்று வந்த கருத்துக்கு என் பதில் இது.

> ‘தடைப் பயிற்சி’ போதும். இயற்பியலில் மின்தடை இருக்கிறதே.

ஐயா, மின்தடை மாணவருக்குப் பொருந்தும். பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவர் கையில் ‘தடைப் பயிற்சி’ என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தால், பயிற்சி செய்யத் தடை என்றே எடுத்துக்கொள்வார். ‘எதிர்ப்புப் பயிற்சி’ என்றால் நோயெதிர்ப்புதான் நினைவுக்கு வரும்.

நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நோயுற்ற பக்கத்துக்குக் கடும் உழைப்புக் கொடுத்தால் தசை விறைப்பு கூடும் என்ற அச்சம், லண்டனில் போபாத் தம்பதியர் வகுத்த முறையின் வழியாக இயன்முறை சிகிச்சையில் பல பத்தாண்டுகள் வேரூன்றியிருந்தது. சிட்னியில் லூயிஸ் ஆடா குழுவினர் 2006இல் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு, வலுவூட்டலால் விறைப்பு கூடவில்லை என்று காட்டியது. ஆனாலும் “காலுக்கு ஓய்வு கொடுங்கள்” என்று வீட்டார் தடுப்பதை இன்றும் பார்க்கிறேன். பெயரும் சேர்ந்து தடுக்க வேண்டுமா?

‘ஏறுவரிசை’யும் ‘ஏறுமுக’மும் எல்லாருக்கும் தெரியும். அதே வினைத்தொகையில் ‘ஏறுசுமை’. அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945இல் இம்முறையைக் ‘கனத்த எடை’யை முன்னிறுத்தித்தான் எழுதினார், 1948இல் ‘படிப்படியாக ஏறுவது’ என்ற பொருள்படப் பெயரை மாற்றிக்கொண்டார். கனமாக இருப்பதைவிட, ஏறிக்கொண்டே போவதுதான் இதன் உயிர்.

என்னிடம் வரும் அம்மா ஒருவரின் வலது செருப்பு நுனியில் மட்டும் தேய்ந்திருக்கும்; பாதம் தூக்காமல் தரையில் உரசும். முதலில் அரைக் கிலோ மணல்பையை முன்பாதத்தில் கட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றியபடி பாதத்தைத் தூக்கினார். எட்டாவது முறை நடுக்கம் வந்தது. இப்போது பத்து முறையும் சீராகத் தூக்குகிறார்; அடுத்து முக்கால் கிலோ. ‘ஏறுசுமை’ என்றதும் “பையில் இன்னும் கொஞ்சம் மணல் போடுவதுதானே?” என்று கேட்டார். விளக்கம் தேவைப்படவில்லை.

> நாற்காலியிலிருந்து எழுவதும் இதில் சேருமா? அங்கே சுமை ஏது?

சேரும். உடலே சுமை. இருக்கையில் இரண்டு மெத்தை போட்டு எழுந்தவர், ஒன்றை எடுத்துவிட்டு எழுந்தால் தொடைக்குச் சுமை ஏறிவிடுகிறது.

‘நடைவலுப் பயிற்சி’ என்ற முன்மொழிவை மட்டும் ஏற்க முடியவில்லை. தசை வலு கூடிய அளவுக்கு நடை வேகம் கூடுவதில்லை. 10 மீட்டர் நடக்கவைத்து நேரம் பார்த்தால் தெரிந்துவிடும். நடையைத் தனியே பழக வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், மணல்பையைத் தூக்கிவிட்டு நடக்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். பொதுப்பெயராக ‘வலுப் பயிற்சி’யும், அதன் முறைக்கு ‘ஏறுசுமை’யும் இருக்கட்டும்.

தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘சுமை’ என்ற சொல் முதியவர்களை மிரட்டும் என்று நினைப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.