கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறிய விமான நிலையத்தில் இரவில் இறங்க ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் வாங்கி, செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஓட்டுகிறேன். பயிற்சி எல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையத்தில்தான். அடுத்து ஒரு சிற்றூரின் பொது விமான நிலையத்துக்கு இரவில் போக வேண்டும். அங்கே கோபுரம் கிடையாது. பெரும்பாலானவர்கள் பொது ரேடியோ அலைவரிசையில் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். சிலரிடம் ரேடியோவே இருக்காது, அதற்கும் விதி இடம் தருகிறது. எனக்குப் பெரிய கவலை இதுதான்: இருட்டில், வாய் திறக்காத விமானத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

அப்புறம் ஓடுபாதை விளக்குகள். அவற்றை விமானியே ரேடியோ மூலம் ஏற்ற வேண்டும். மைக் பொத்தானை 5 விநாடிக்குள் 7 முறை அழுத்தினால் முழு வெளிச்சம், 5 முறைக்கு நடுத்தரம், 3 முறைக்குக் குறைவு. 15 நிமிடம் எரியும் என்று படித்திருக்கிறேன். வேறொருவர் ஏற்கெனவே ஏற்றிவைத்திருந்தால், அவர் நேரம் எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாதே. ஓடுபாதையை நோக்கி இறங்கும் கடைசிக் கட்டத்தில் நானும் மறுபடி அழுத்துவதுதான் சரி என நினைக்கிறேன். ஆனால் முன்னால் ஒருவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது வெளிச்சத்தை மாற்றினால் அவருக்குக் கண் கூசாதா? முதலில் ரேடியோவில் கேட்டுவிட்டு அழுத்துவீர்களா?

இப்படிப்பட்ட நிலையங்களில் இரவில் பறந்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். குடும்பத்தையும் அழைத்துப் போகிறேன்.