அப்பாவ ஊட்டி நீராவி ரயில்ல கூட்டிட்டுப் போகணும், கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 78 வயசாகுது, அந்தக் காலத்துல நீராவி இன்ஜின்ல ஃபயர்மேனா இருந்தவரு, கரி அள்ளிப் போட்டு காய்ச்சுப் போன கை இன்னும் அப்படியேதான் இருக்கு. போன வாரம் மேட்டுப்பாளையம் இன்ஜின் வீடியோ ஒண்ணு காட்டினேன், விசில் சத்தம் வந்ததும் போனை வாங்கி காதுல வச்சுக்கிட்டாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன் எப்படியாவது கூட்டிட்டுப் போயிடணும்னு.

மேட்டுப்பாளையத்துல ஏறுனா குன்னூர் வரைக்கும்தான் நீராவி, அப்புறம் டீசல்னு தெரியும், அதனால குன்னூரோட இறங்கிடலாம்னு இருக்கோம். கல்லாறு தாண்டி பல்சக்கரம் பிடிச்சு ஏறுறத அவரு கண்ணால பாக்கணும். ஆனா மேல ஏறும்போது இன்ஜின் பின்னாடி இருந்துதானே தள்ளுது, அப்போ எந்தப் பெட்டில உக்காந்தா இன்ஜின் நல்லா தெரியும், சத்தம் கேக்கும்? ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நிக்கும்போது இறங்கி கிட்டப் போய் பாக்க விடுவாங்களா? முட்டி வலி இருக்கு, படி ரொம்ப உயரமா? வழில பாத்ரூமுக்கு என்ன பண்றீங்க? டிக்கெட் எத்தன நாள் முன்னாடி போட்டா கிடைக்குது? வயசானவங்கள சமீபத்துல கூட்டிட்டுப் போனவங்க யாராச்சும் இருந்தா கண்டிப்பா சொல்லுங்க, ரொம்ப உதவியா இருக்கும்.