கோவையில் வாடகை வீட்டில் டே கேர்: 25 பிள்ளைகள் கணக்கு சரிவருமா?

மல்லிகை (கேள்வி)
சரவணம்பட்டியில் 1,100 சதுர அடி தரைத்தள வீடு, வாடகை 22,000. எட்டு மாதம் முதல் 5 வயது வரை, காலை 8.30 முதல் மாலை 7 வரை. பிள்ளைகளைப் பார்க்க இரண்டு பேர், தலா 14,000 சம்பளம். ஆயாவுக்கு 10,000. கட்டணம் சாப்பாட்டோடு 6,500. 25 பேர் சேர்த்தால் கட்டுமா? முதலில் எந்த அனுமதி வாங்க வேண்டும்?

வரவு_செலவு
25 வேண்டாம். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் கிரெச்சுகளுக்கு (குழந்தைகள் காப்பகங்களுக்கு) தந்த குறைந்தபட்ச வழிகாட்டுதல் ஒரு பிள்ளைக்கு 10–12 சதுர அடி என்கிறது. சமையலறை, பாத்ரூம், நடை போக உங்களுக்கு 500 சதுர அடி மிஞ்சலாம். அந்தக் கணக்கில் 40 பேர்கூட அடங்குவார்கள். ஆனால் மதியம் எல்லாருக்கும் பாய் விரித்து, நடுவில் ஆள் நடக்கவும் வழி விட்டால் தலைக்கு 25 சதுர அடி ஆகும். ஆக 20 பேர்.

இடத்தைவிட இடிக்கப்போவது ஆள் நேரம். பத்தரை மணி நேரம் திறந்திருப்பீர்கள், ஒருவர் வேலை செய்வது 8 மணி நேரம். ஒருவரை 8.30–4.30, மற்றவரை 11–7 என்று போட்டால், பிள்ளைகளைக் கொண்டுவிடும் நேரத்திலும் கூட்டிப்போகும் நேரத்திலும் ஒரே ஆள்தான் இருப்பார். அவர் கேட்டுக்குப் போனால் உள்ளே யார்? அதே வழிகாட்டுதலில் 3 வயதுக்குக் கீழ் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 20 பேருக்கு ஒருவர். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு அது போதவே போதாது, நாலு பேருக்கு ஒருவர் வையுங்கள்.

காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என தலா 7,000 சம்பளத்தில் இரண்டு அரைநாள் ஆட்கள் சேருங்கள். வாடகை 22,000, சம்பளம் எல்லாம் 52,000, கரண்ட், கிளீனிங் 9,000. மொத்தம் 83,000. சாப்பாட்டுக்குத் தலைக்கு 1,200 போனால் ஒரு பிள்ளையிடம் மிஞ்சுவது 5,300. 16-வது பிள்ளை வந்தால்தான் கையைக் கடிக்காது. 20 பேர் நிறைந்தால் 23,000 நிற்கும், உங்கள் சம்பளமும் அதற்குள்தான். 5 பேர் மட்டும் இருக்கும் மாதத்தில் 56,500 கையிலிருந்து போகும். அந்தப் பணம் இல்லாமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கைக்குழந்தைக்குத் தனிக் கட்டணம் வையுங்கள்.

தரைத்தளம்
அனுமதி விஷயம். போர்டில் 'ப்ளே ஸ்கூல்' என்று எழுதினால் தமிழக அரசின் 2015 ப்ளே ஸ்கூல் விதிகளின்படி கல்வித் துறை அங்கீகாரம் வேண்டும். பாடம் நடத்தப் போவதில்லை என்றால் அந்தப் பெயரே வேண்டாம். மாநகராட்சி தொழில் உரிமம், சமைப்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவு, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு (கட்டணம் இல்லை). வீட்டு இ.பி. இணைப்பில் தொழில் நடத்தினால் அபராதம் வரும், கமர்ஷியல் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். ஓனர் அதற்கு ஒப்புக்கொள்கிறாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே பெயின்ட் அடியுங்கள்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது சம்ப் மூடி. பூட்டு போடுங்கள். பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீர்கூட நிற்கக் கூடாது, தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. பிள்ளைகள் போகும் கதவுகளில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். கிரில் கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் வலை கட்டுங்கள்.

மல்லிகை
நன்றி. கைக்குழந்தைகளுக்குத் தூளி கட்டலாமா? தாய்ப்பாலைக் கறந்து கொடுத்துவிட்டுப் போனால் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

பால்புட்டி
தூளி வேண்டாம். உள்ளே குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது என்று தூரத்திலிருந்து தெரியாது, துணி முகத்தை மூடலாம். கெட்டியான மெத்தை, தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். வீட்டில் தூளியில் பழகிய குழந்தை முதல் வாரம் தூங்க அழும். அந்த வாரம் கூடுதலாக ஒரு கை வேண்டும்.

கறந்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள். கோவை வெயிலில் வந்ததும் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. புட்டியில் பெயரும் நேரமும் எழுதிய பிளாஸ்திரி ஒட்டாமல் வாங்காதீர்கள். குடித்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். பவுடர் பால் என்றால் குடிக்க ஆரம்பித்து 1 மணி நேரம்தான். ஒரு வயதுவரை தேன் கூடாது. முழு வேர்க்கடலை, முழு திராட்சை, வேகாத சுண்டல் யார் தட்டிலும் வேண்டாம், பெரிய பிள்ளையின் தட்டிலிருந்து சின்னது எடுத்துவிடும்.

சேர்க்கை_படிவம்
படிவத்தில் காய்ச்சல் விதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 100.4 டிகிரி இருந்தால் வீட்டுக்கு, மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் திரும்பலாம். அம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பக்கு கட்டும்வரை. இது எழுத்தில் இல்லாவிட்டால் காலையில் பாராசிட்டமால் கொடுத்து விட்டுவிட்டுப் போவார்கள், பதினோரு மணிக்கு ஏறும். கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களின் போட்டோவும் அதிலேயே இருக்கட்டும்.

வேலைக்கு எடுக்கும் எல்லாருக்கும், ஆயாவுக்கும் சேர்த்து, போலீஸ் வெரிஃபிகேஷன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அப்படிச் சந்தேகம் வந்தாலே புகார் செய்வது கடமை, மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் ஒட்டுங்கள். டயபர் மாற்றும் இடம் தனி அறையாக வேண்டாம், இன்னொரு ஊழியரின் பார்வை படும் மூலையாக இருக்கட்டும்.